நாலு மூலையும் கூராக இருக்கிறதா?

தீப்பெட்டியைவிடச் சற்று நீளமான ஒரு காகித அட்டை. ஆரஞ்சு நிறப் பின்னணியில், தலையை நடுவில் வகிடெடுத்து வாரிய ஓர் ஆட்டக்காரரின் மார்பளவுப் படம். சட்டையில் பிட்ஸ்பர்க் என்ற ஊர்ப்பெயர். 1909ஆம் ஆண்டு அமெரிக்காவில் சிகரெட் பாக்கெட்டுக்குள் இலவசமாகச் செருகிக் கொடுத்த இந்த அட்டைதான் பேஸ்பால் அட்டை உலகில் அதிகம் பேசப்படுவது. 1985இல் 25,000 டாலருக்குக் கைமாறிய ஓர் அட்டை, 2007இல் 2.8 மில்லியன் டாலருக்கு விலைபோனது. அதன் நாலு மூலைகளும் ஊசி போலக் கூராக இருந்ததுதான் காரணம்.

அந்த மூலைகள் ஏன் அவ்வளவு கூராக இருந்தன என்பது பிற்பாடு நீதிமன்றத்தில் தெரிய வந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

நமக்கும் பேஸ்பாலுக்கும் தூரம் அதிகம். பந்தடித்துவிட்டு ஏன் சுற்றி ஓடுகிறார்கள் என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் உங்கள் வீட்டில் போக்கிமோன் அட்டை சேர்க்கும் பிள்ளை இருந்தால், அதைக் கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே 9 அல்லது 10 என்று எண் ஒட்டி விற்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அட்டைகளைக் கட்டி அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் பார்க்கிறார்கள். அந்தப் பழக்கம், அந்த எண், அந்த உறை எல்லாமே பேஸ்பால் அட்டையிலிருந்து வந்தவை. நம் பிள்ளைகளின் கைச்செலவுப் பணம் வரை வந்துவிட்ட ஒரு விஷயம் எங்கே தொடங்கியது என்று பார்ப்பதில் தவறில்லை.

சிகரெட்டில் தொடங்கி சுயிங்கத்துக்கு

அந்தக் காலத்து சிகரெட் பாக்கெட் மெல்லியது. உள்ளே இருக்கும் சிகரெட் நசுங்காமல் இருக்க ஓர் அட்டை வைத்தார்கள். வெறும் அட்டையை வைப்பானேன், படம் போட்டு வைத்தால் அடுத்த பாக்கெட்டையும் வாங்குவான் என்று வியாபாரி யோசித்தான். அமெரிக்கன் டொபேக்கோ நிறுவனம் 1909 முதல் 1911 வரை வெளியிட்ட வரிசையில் மொத்தம் 524 அட்டைகள். சேகரிப்பாளர்கள் இதை டி206 என்பார்கள்.

அதில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டை மட்டும் மிகக் குறைவாக வெளிவந்து நின்றுபோனது. இன்று உலகில் 50, 60 அட்டைகள்தான் இருக்கும் என்பது சேகரிப்பாளர்களின் கணக்கு. ஏன் நின்றது? பிள்ளைகள் தன் படத்துக்காக சிகரெட் வாங்குவதை வாக்னர் விரும்பவில்லை என்பது ஒரு கதை. காசு ஒத்துவரவில்லை என்பது இன்னொன்று. வாக்னரே புகையிலை மெல்லுபவர்தான் என்பதால் முதல் கதையைச் சிலர் ஏற்பதில்லை. ஆனால் 1912இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் வந்த செய்தி இப்படிச் சொல்கிறது: வாக்னரிடம் அனுமதி வாங்கித் தந்தால் பிட்ஸ்பர்க் பத்திரிகையாளர் ஒருவருக்கு 10 டாலர் தருவதாக நிறுவனம் சொல்லியிருக்கிறது. வாக்னர் மறுத்துவிட்டார். ஆனாலும் நண்பருக்கு நஷ்டம் வரக்கூடாதே என்று தன் கையிலிருந்து 10 டாலருக்குக் காசோலை அனுப்பினாராம். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது இந்தக் காசோலைக்காகத்தான்.

சிகரெட்டை விட்டு அட்டை மிட்டாய்க்கும் சுயிங்கத்துக்கும் மாறியது. 1952இல் டாப்ஸ் நிறுவனம் 407 அட்டைகள் கொண்ட வரிசையை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் சை பெர்கர். புரூக்ளினில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து செய்தார். கடைசித் தொகுதி, அதாவது 311 முதல் 407 வரையிலான அட்டைகள், பருவம் முடியும் நேரத்தில் கடைக்கு வந்தன. பிள்ளைகள் அதற்குள் காற்பந்துக்குத் தாவிவிட்டார்கள். மூட்டை மூட்டையாகக் கிடங்கில் தங்கிப்போனது. விலையைக் குறைத்தும் யாரும் வாங்கவில்லை. 1960 வாக்கில் அவற்றைப் படகில் ஏற்றி, நியூ ஜெர்சி கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டதாக பெர்கரே பிற்காலத்தில் சொன்னார்.

அந்தத் தொகுதியின் முதல் எண் 311, மிக்கி மேண்டல். அதே அட்டையின் நல்ல பிரதி ஒன்று 2022 ஆகஸ்டில் 12.6 மில்லியன் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மாற்று விகிதப்படி நம் கணக்கில் 50 மில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல்.

கடலில் கொட்டியது போக மீதி எங்கே போனது? சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகி, ஓடும்போது படபடவென்று மோட்டார் சத்தம் கேட்க வைத்தார்கள். சுவரில் அடித்து விளையாடினார்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் காலணிப் பெட்டியில் வைத்தார்கள். பையன் இராணுவத்துக்கோ கல்லூரிக்கோ போனதும் அம்மா பெட்டியோடு குப்பையில் போட்டாள். நடுத்தர வயது அமெரிக்கரைக் கேட்டால் பாதிப் பேர், எங்கம்மா மட்டும் அன்றைக்கு வீட்டைச் சுத்தம் செய்யாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்துவிடுவார்கள். நம் வீடுகளில் இந்த வேலையை 'சூராட் காபார் லாமா' லாரி பார்த்தது. எத்தனை தபால்தலை ஆல்பங்களும் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் அந்த ஒலிபெருக்கிச் சத்தத்தோடு போயிருக்கும்!

இப்படி எல்லாம் அழிந்துபோனதால்தான், அழியாமல் தப்பியது எந்த நிலையில் தப்பியது என்ற கேள்வி இவ்வளவு பெரிதானது.

பத்துக்கு எத்தனை?

1991இல் பிஎஸ்ஏ என்ற நிறுவனம், அட்டையின் நிலையைப் பார்த்து 1 முதல் 10 வரை புள்ளி போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் வேலையைத் தொடங்கியது. பின்னர் எஸ்ஜிசி, பெக்கெட் போன்றவையும் வந்தன. அதற்கு முன்பு விற்பவர் சொல்வதுதான் தரம். விற்பவர் என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியாதா?

ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெயர் உண்டு. புதிதாக வருபவர் இதில்தான் முதலில் ஏமாறுவார். 'குட்' என்றால் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பத்துக்கு 2 வாங்கிய அட்டைதான் 'குட்'. மூலை உருண்டு, மடிப்பு விழுந்து, நிறம் மங்கியிருக்கும். 'வெரி குட்' 3 புள்ளி. 'எக்ஸலன்ட்' என்பதே 5தான். 'நியர் மின்ட்' 7, 'மின்ட்' 9, 'ஜெம் மின்ட்' 10. பள்ளி ரிப்போர்ட் புத்தகத்தில் இப்படி எழுதியிருந்தால் நாமெல்லாம் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்போம்.

பார்ப்பது நான்கு விஷயம். அச்சு நடுவில் விழுந்திருக்கிறதா, மூலை, ஓரம், மேற்பரப்பு.

நடுவில் இருக்கிறதா என்பதை அளந்தே சொல்லிவிடலாம். படத்துக்கு இடப்பக்க வெள்ளை ஓரம் 3 மில்லிமீட்டர், வலப்பக்கம் 2 மில்லிமீட்டர் என்றால், மொத்தம் 5இல் 3 பங்கு ஒரு பக்கம். அதை 60க்கு 40 என்பார்கள். இடம் 3.5, வலம் 1.5 என்றால் 70க்கு 30. மேலும் கீழும் இதே கணக்கு. 70க்கு 30 வரை போனால் மற்ற எல்லாம் சுத்தமாக இருந்தாலும் பொதுவாக 7க்கு மேல் போவது கஷ்டம். இதில் சேகரித்தவரின் குற்றம் எதுவும் இல்லை. அச்சகத்தில் பெரிய தாளை வெட்டிய அன்றே கோணியது. பாக்கெட்டைப் பிரித்த கையோடு பத்திரமாக வைத்தவருக்கும் 6தான் கிடைக்கும். இது நியாயமா என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியவில்லை.

மூலைக்குப் பூதக்கண்ணாடி வேண்டும். நகைக்கடையில் வைரம் பார்ப்பார்களே, அந்தப் பத்து மடங்குக் கண்ணாடி போதும். வெறும் கண்ணுக்குக் கூராகத் தெரிகிற மூலை, கண்ணாடியில் பார்த்தால் பஞ்சு பிரிந்தாற்போல் இருக்கும். காகிதத்தின் அடுக்குகள் பிரிந்து விசிறி போல் விரிந்திருப்பதும் உண்டு.

ஓரத்தில் ரப்பர் பேண்ட் கடித்த தடம் இருக்கும். வெள்ளை ஓரம் கொண்ட அட்டையில் சின்னத் தேய்மானம் தெரியாது. 1971ஆம் ஆண்டு டாப்ஸ் அட்டைகளுக்குக் கறுப்பு ஓரம் வைத்தார்கள். பார்க்க அழகு. ஆனால் கறுப்பு மை கொஞ்சம் உதிர்ந்தாலும் வெள்ளைக் காகிதம் பல்லைக் காட்டும். அந்த வருடத்து அட்டை உயர்ந்த புள்ளி வாங்குவது அதனாலேயே அரிது.

மேற்பரப்பைப் பார்க்கத்தான் பொறுமை வேண்டும். விளக்கின் கீழ் அட்டையை நேராக வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண்மட்டத்துக்குத் தூக்கி, மெல்லச் சாய்த்து, வெளிச்சம் அதன்மேல் வழுக்கிப் போகும்படி பார்க்க வேண்டும். அப்போது வரும் ஒரு மெல்லிய கோடு. அது ஒரு பக்கத்தில் மட்டும் தெரிகிற சுருக்கமா, இரு பக்கமும் தெரிகிற மடிப்பா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். சுருக்கமே புள்ளியை நன்றாக இறக்கிவிடும். மடிப்பு என்றால் 4, 3 என்று போய்விடும். பின்பக்கம் சுயிங்கம் ஒட்டியிருந்த பழுப்புக் கறை, பாக்கெட்டை ஒட்டிய மெழுகுக் கறை, பென்சில் கிறுக்கல் எல்லாம் கணக்கு. டாப்ஸ் வரிசைகளில் எந்தெந்த அட்டை உங்களிடம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளப் பெயர்ப்பட்டியல் அட்டை ஒன்று வரும். பெயருக்குப் பக்கத்தில் சின்னக் கட்டம். பிள்ளைகள் ஒழுங்காகக் கட்டத்தில் குறி போட்டார்கள், அட்டை அதற்குத்தானே வந்தது. இன்றைக்குக் குறி போடாத பட்டியலுக்குத்தான் மதிப்பு.

ஒரே அட்டையை இரண்டு முறை அனுப்பினால் இரண்டு புள்ளி வருவதும் நடக்கிறது. மனிதன் பார்ப்பதுதானே. உறையை உடைத்து, வேறு நாளில் மறுபடி அனுப்பி, 7ஐ 8 ஆக்க முயல்வதை ஒரு தொழிலாகவே செய்பவர்கள் உண்டு. 8க்கும் 9க்கும் கண்ணால் வித்தியாசம் காண்பது சாதாரண ஆளுக்கு முடியாது. விலையில் அந்த வித்தியாசம் பல மடங்கு. இவ்வளவு பணம் ஓர் எண்ணில் தொங்கும்போது கை சும்மா இருக்குமா?

கத்தி வைத்த கை

தேய்ந்த மூலையைக் கூராக்க எளிய வழி, தேய்ந்த பகுதியை நறுக்கிவிடுவது. அரை மில்லிமீட்டர் போதும். ஓரமும் நேராகும், கோணிய படமும் நடுவுக்கு வரும். வெளுத்த ஓரத்துக்கு மார்க்கர் பேனாவால் நிறம் தீட்டலாம். மடிப்பை ஈரமாக்கி அழுத்தித் தட்டையாக்கலாம். பழைய ஆல்பத்தில் ஒட்டிய அட்டையைச் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்துப் பிரிப்பதைப் பலர் குற்றமாக நினைப்பதில்லை. அதில் இரசாயனம் கலந்தால் குற்றம். கோடு எங்கே என்பதில் சேகரிப்பாளர்களுக்குள்ளேயே சண்டை ஓயவில்லை.

கண்டுபிடிக்கவும் வழிகள் உண்டு. முதலில் அளவு. அதே வருடத்து அட்டைகளோடு அடுக்கிப் பார்த்தால் குட்டையானது பள்ளமாகத் தெரியும். அடுத்து ஓரத்தின் தன்மை. நூறு வருடத்து அட்டையின் ஓரம் முகத்தைப் போலவே பழுத்திருக்க வேண்டும். முகம் பழுத்து ஓரம் மட்டும் பளிச்சென்று இருந்தால் சந்தேகம். மூன்றாவது, புற ஊதா விளக்கு. காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் பொருள்களை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலாகச் சேர்த்தார்கள். 1909ஆம் ஆண்டு அட்டை என்று சொல்லி விற்பது அந்த விளக்கில் நீலமாக ஒளிர்ந்தால், அது உங்கள் தாத்தா காலத்ததில்லை. நான்காவது, எழுத்து. அசல் அட்டையில் பெயரும் கோடும் மையால் நிரம்பி இருக்கும். அசலைப் படமெடுத்து அச்சடித்த நகலில், பூதக்கண்ணாடியில் பார்த்தால் எழுத்தே சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆகியிருக்கும்.

இப்போது அந்த வாக்னர் அட்டைக்கு வருவோம். 1985இல் அதை 25,000 டாலருக்கு வாங்கியவர் பில் மாஸ்ட்ரோ. பிற்காலத்தில் விளையாட்டு நினைவுப்பொருள் ஏலத்தில் நாட்டிலேயே பெரிய ஆளாக வளர்ந்தவர். இரண்டு வருடத்தில் அதை 110,000 டாலருக்கு விற்றார். 1991இல் சொத்பீஸ் ஏலத்தில் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 451,000 டாலருக்கு எடுத்தார்கள். அந்த வருடம் தொடங்கிய பிஎஸ்ஏ தரம் பார்த்த முதல் அட்டையும் இதுதான். வரிசை எண் 1, புள்ளி 8. அதன்பின் வால்மார்ட் நடத்திய போட்டியில் பரிசாகப் போய், புளோரிடாவில் தபால் நிலையத்தில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு விழுந்தது. அவரால் வரி கட்டி வைத்திருக்க முடியவில்லை, 1996இல் விற்றுவிட்டார். 641,500 டாலர். 2000இல் 1.265 மில்லியன். 2007இல் 2.8 மில்லியன்.

ஓரம் நறுக்கியது என்ற பேச்சு பல வருடங்களாக இருந்தது. வாங்கியவர்கள் புள்ளியை நம்பினார்கள். ஏலத்தில் ஆள் வைத்து விலை ஏற்றிய வழக்கில் மாஸ்ட்ரோ சிக்கியபோது, 2013இல் சிக்காகோ கூட்டரசு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதோடு, அந்த வாக்னர் அட்டையின் பக்க ஓரங்களை நறுக்கியதும் தான்தான் என்று ஒப்புக்கொண்டார். 2015இல் அவருக்கு 20 மாதச் சிறை. தரத்துக்கு உத்தரவாதம் கொடுக்கப் பிறந்த ஒரு முறையின் முதல் அட்டையே நறுக்கிய அட்டை!

சந்தை இதை எப்படி எடுத்துக்கொண்டது தெரியுமா? 2016இல் இன்னொரு வாக்னர் அட்டை 3.12 மில்லியன் டாலருக்குப் போனது. புள்ளி 5தான். ஆனால் அதன் வெள்ளை ஓரங்கள் வழக்கத்தைவிட அகலம். யாரும் கத்தி வைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. 2021இல் மூலை உருண்ட 3 புள்ளி அட்டை 6.6 மில்லியனுக்கும், 2022இல் 2 புள்ளி அட்டை 7.25 மில்லியனுக்கும் போயின. பாதி கிழிந்து, மிச்சப் பாதி மட்டும் இருந்த ஒரு வாக்னர்கூட 475,000 டாலருக்கு மேல் விலைபோனது. எல்லா அட்டைக்கும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாதாரண ஆட்டக்காரரின் 2 புள்ளி அட்டையை நீங்கள் ஒரு தேநீர் விலைக்கு வாங்கலாம். 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த அட்டைகளோ, எல்லாரும் முதலீடு என்று பெட்டி பெட்டியாகப் பத்திரப்படுத்தியதாலேயே இன்று மதிப்பில்லாமல் கிடக்கின்றன. யாருடைய அம்மாவும் தூக்கிப் போடவில்லை.

நம் ஊரில் அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்முடைய ஈரக்காற்று அமெரிக்கக் குளிரைவிடக் காகிதத்துக்குப் பகை. மெல்லிய உறையில் போட்டு, அதைக் கெட்டி உறையில் செருகி, டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து மூடுங்கள். பழைய ஃபோட்டோ ஆல்பங்களின் ஒட்டும் பக்கங்களும் வாடை வரும் பிவிசி உறைகளும் வேண்டாம். அழுக்கு இருந்தால் இருக்கட்டும், துடைக்காதீர்கள். துடைத்தது தெரிந்தால் அழுக்கைவிட அதிகமாகப் புள்ளி போகும்.

டி206 என்ற பெயரை வைத்தவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. ஜெஃபர்சன் பர்டிக் என்பவர் நியூயார்க் மாநிலத்தில் சிராகியூஸ் நகரத் தொழிற்சாலை ஒன்றில் மின்சாதன பாகங்களைப் பொருத்திய தொழிலாளி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூட்டுவாதத்தால் விரல்கள் முறுக்கிக்கொண்டே வந்தன. அவர்தான் 1930களில் அமெரிக்காவில் வெளிவந்த அட்டைகளை எல்லாம் வரிசைப்படுத்தி, எழுத்தும் எண்ணும் கொடுத்துப் பட்டியல் போட்டவர். டி என்றால் இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டை. இத்தனைக்கும் அவர் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை என்கிறார்கள். மற்ற அட்டைகள் சில காசுக்குப் போன அந்தக் காலத்திலேயே வாக்னருக்கு 50 டாலர் என்று எழுதியவரும் அவரே.

தான் சேர்த்த மூன்று இலட்சத்துக்கும் அதிகமான அட்டைகளையும் படங்களையும், அதில் 30,000க்கும் மேல் பேஸ்பால் அட்டைகள், 1947 முதல் பகுதி பகுதியாக நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். விற்கவில்லை. கொடுத்ததோடு நிற்காமல், அங்கேயே ஒரு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆல்பங்களில் ஒட்டினார். ஆமாம், பசை தடவி ஒட்டினார். வாக்னர் உட்பட. இன்றைய தரக் கணக்கில் பின்பக்கம் பசை பட்ட அட்டை என்னாகும் என்று மேலே படித்தீர்கள். அவர் அதை நினைத்ததாகவே தெரியவில்லை. 1963 ஜனவரி 10ஆம் தேதி கடைசி அட்டையை ஒட்டி முடித்தார். மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். மார்ச் 13ஆம் தேதி காலமானார். அந்த ஆல்பங்கள் அருங்காட்சியகத்தின் ஓவிய, அச்சுப்படப் பிரிவில் இருக்கின்றன. அவற்றில் எந்த அட்டைக்கும் புள்ளி கிடையாது.